ஜெனரேட்டருக்கு டீசல் எங்கிருந்து வரும்? தாக்குதல் நடந்தால் எந்தெந்தச் சேவை அடுத்தடுத்து நின்றுபோகும் என்று கணிக்கும் முறை

"எங்ககிட்ட ஜெனரேட்டர் இருக்கு மேடம்." கரண்ட் போனால் என்ன ஏற்பாடு என்று எந்த மருத்துவமனையில் கேட்டாலும் முதலில் வரும் பதில் இதுதான்.

நான் மின்வாரியத்தில் ரிலே (லைனில் கோளாறு கண்டால் கரண்டைத் துண்டிக்கச் சொல்லும் கருவி) பாதுகாப்புப் பிரிவில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவள். இப்போது மாவட்டத் தலைநகர்களில் உள்ள மருத்துவமனைகளுக்கும் நகராட்சிக் குடிநீர்த் திட்டங்களுக்கும் ஒரு கணக்கெடுப்பு செய்து கொடுக்கிறேன். யாராவது வேண்டுமென்றே கெடுக்க நினைத்தால் எது நிற்கும், அதனால் அடுத்து எது நிற்கும், எத்தனை மணி நேரத்தில் உயிருக்கு ஆபத்து வரும் என்று எழுதித் தருகிற வேலை. ஜெனரேட்டர் என்று பதில் வந்ததும் வரிசையாக நான்கு கேள்விகள் கேட்பேன். டீசல் எவ்வளவு இருக்கிறது? தீர்ந்தால் யார் கொண்டுவருவார்? அவரை எந்த போனில் கூப்பிடுவீர்கள்? அந்த போன் டவருக்குக் கரண்ட் எங்கிருந்து வருகிறது? நான்காவது கேள்வியில் அறை அமைதியாகிவிடும்.

இந்தக் கணக்கெடுப்பை வெளியாள் வந்துதான் செய்ய வேண்டும் என்றில்லை. மருத்துவமனையின் எலெக்ட்ரிகல் சூப்பர்வைசர், நர்சிங் கண்காணிப்பாளர், நிர்வாக அலுவலர் மூன்று பேரும் சேர்ந்து உட்கார்ந்தால் போதும். பெரிய சார்ட் தாள், பென்சில், நடக்கத் தெம்பு இவ்வளவுதான் தேவை. சாஃப்ட்வேர் பிறகு பார்த்துக்கொள்ளலாம்.

கட்டிடத்திலிருந்து தொடங்காதீர்கள், சேவையிலிருந்து தொடங்குங்கள்

"நம் மருத்துவமனை எவ்வளவு பாதுகாப்பானது" என்ற கேள்விக்கு யாராலும் பதில் சொல்ல முடியாது. "டயாலிசிஸ் நிற்காமல் நடக்க என்னென்ன வேண்டும்" என்று கேளுங்கள். தாளின் வலது ஓரத்தில் டயாலிசிஸ் என்று எழுதி, அங்கிருந்து இடப்பக்கமாகப் பின்னோக்கிப் போங்கள்.

கரண்ட் வேண்டும் என்பது எல்லோருக்கும் தெரியும். தண்ணீரைச் சொல்லுங்கள். டயாலிசிஸ் திரவம் நிமிடத்துக்கு 500 மில்லி வீதம் ஓடுகிறது. 4 மணி நேரத்துக்கு ஒரு நோயாளிக்கு 120 லிட்டர். அது ஆர்.ஓ. தண்ணீர். ஆர்.ஓ. கழிவில் பாதி போகிறது என்று வைத்தால் தொட்டியிலிருந்து எடுப்பது 240 லிட்டர். 10 மெஷின், நாளுக்கு 3 ஷிஃப்ட் என்றால் 7,200 லிட்டர். அந்தத் தண்ணீர் சம்ப்பில் இருக்கும். சம்ப்பிலிருந்து மேல்தொட்டிக்கு ஏற்றும் மோட்டார் எந்தப் பேனலில் இருக்கிறது என்று போய்ப் பாருங்கள். ஜெனரேட்டர் லோடைக் குறைக்க வேண்டும் என்று எப்போதோ யாரோ அதை அவசரப் பேனலிலிருந்து கழற்றியிருப்பார்கள். இதைப் பல இடங்களில் கண்டிருக்கிறேன். மெஷினுக்குக் கரண்ட் இருக்கும், தண்ணீர் இருக்காது.

ஆக்சிஜனையும் இப்படியே பின்தொடருங்கள். காற்றிலிருந்து ஆக்சிஜன் பிரிக்கும் பிளாண்ட் கரண்ட் இல்லாவிட்டால் அந்த நிமிடமே நின்றுவிடும். திரவ ஆக்சிஜன் டேங்க் நிற்காது. வெளிக்காற்றின் சூட்டிலேயே ஆவியாகும் அமைப்பு அது. ஆனால் அதை நிரப்ப டேங்கர் லாரி வர வேண்டும், லாரிக்குச் சாலை வேண்டும். இரண்டும் "ஆக்சிஜன்" என்று ஒரே பெயரில் பதிவேட்டில் இருந்தாலும் தாளில் தனித்தனியாக எழுதுங்கள்.

நான்கு வகைக் கயிறு

ஒரு கட்டமைப்பு இன்னொன்றை எப்படிப் பிடித்துக்கொண்டிருக்கிறது என்பதை ரினால்டி, பீரன்பூம், கெல்லி என்ற மூவர் 2001-ல் நான்காகப் பிரித்தார்கள். ஒன்றிலிருந்து மற்றொன்றுக்குப் பொருள் போவது, தகவல் போவது, இரண்டும் ஒரே இடத்தில் இருப்பது, விதியாலும் பணத்தாலும் மனித முடிவாலும் கட்டுண்டிருப்பது. தாளில் நான்கு நிறத்தில் கோடு போடுங்கள். முதல் இரண்டை எல்லோரும் போட்டுவிடுவார்கள். மூன்றாவதுதான் ஆபீஸில் உட்கார்ந்து கண்டுபிடிக்க முடியாதது.

ஒரு மருத்துவமனையில் "இரண்டு ஹெச்.டி. ஃபீடர், இரண்டு இணையக் கம்பெனி, எல்லாமே டபுள்" என்று பெருமையாகச் சொன்னார்கள். ஹெச்.டி. ஃபீடர் என்பது துணைமின் நிலையத்திலிருந்து வரும் உயர் அழுத்த மின்லைன். நான் லைன்மேனைக் கூட்டிக்கொண்டு ஃபீடர் வழியாகவே நடந்தேன். ரயில்வே கேட்டுக்கு அப்பால் அவர் நின்று கையைக் காட்டினார். "மேடம், ரெண்டு லைனும் இங்கேர்ந்து ஒரே போஸ்ட்லதான் வருது. ஒரு லாரி இடிச்சா ரெண்டும் போயிரும்." இன்னும் நடந்தோம். துணைமின் நிலையத்தில் இரண்டு ஃபீடரும் ஒரே பவர் டிரான்ஸ்ஃபார்மரில் தொங்கின. திரும்பி வரும்போது மருத்துவமனை மதிலுக்குப் பின்னால் மழைநீர்க் கால்வாயின் கீழே ஒரு குழாயைக் காட்டினார். இரண்டு கம்பெனியின் ஃபைபரும் அதற்குள்தான் இருந்தன. டெண்டரில் இரண்டு கம்பெனி, மண்ணுக்குள் ஒரே குழாய்.

அமெரிக்காவின் நாஷ்வில் நகரில் 2020 கிறிஸ்துமஸ் காலையில் ஏ.டி. அண்ட் டி. தகவல் தொடர்புக் கட்டிடத்தின் முன் நிறுத்தியிருந்த வண்டி வெடிக்க வைக்கப்பட்டது. வெடித்த உடனே சேவை நின்றுவிடவில்லை, மாற்று ஏற்பாடு கொஞ்ச நேரம் தாங்கியது. பிறகு தீயும், தேங்கிய தண்ணீரும் சேர்ந்து ஜெனரேட்டரையும் பேட்டரியையும் வீழ்த்தின. டென்னசியில் மட்டுமல்ல, பக்கத்து மாநிலங்களின் சில பகுதிகளிலும் போனும் அவசர அழைப்பும் நின்றன. நாஷ்வில் விமான நிலையத்தில் விமானங்களைச் சிறிது நேரம் நிறுத்த வேண்டியிருந்தது. முதன்மையும் மாற்றும் ஒரே கட்டிடத்தில் இருந்ததன் விலை அது. உங்கள் ஜெனரேட்டர் அறை, யூ.பி.எஸ். அறை, மெயின் பேனல் மூன்றும் ஒரே அடித்தளத்தில் இருக்கின்றனவா என்று பாருங்கள். இருந்தால் அவற்றைத் தாளில் ஒரே வட்டமாகப் போடுங்கள். மூன்று வட்டம் போட்டு மனதைத் தேற்றிக்கொள்ளக் கூடாது.

ஒவ்வொரு கோட்டின் மேலும் மணி நேரத்தை எழுதுங்கள்

இந்த வேலையின் உயிர் இங்கேதான் இருக்கிறது. வெறும் கோடு, "இதற்கு அது வேண்டும்" என்று மட்டும்தான் சொல்லும். "அது இல்லாமல் இது எத்தனை மணி நேரம் தாங்கும்" என்ற எண்தான் கணிப்பு.

டீசலை எடுத்துக்கொள்ளுங்கள். நம் நாட்டு ஜெனரேட்டர் டேங்குகள் பெரும்பாலும் 990 லிட்டராக இருப்பதற்குக் காரணம் பெட்ரோலியச் சட்டம். 1,000 லிட்டருக்கு மிகாத கலங்களில், ஓரிடத்தில் மொத்தம் 2,500 லிட்டர் வரை டீசலை உரிமம் இல்லாமல் வைத்துக்கொள்ளலாம். 500 கே.வி.ஏ. ஜெனரேட்டர் முழு லோடில் மணிக்கு ஏறக்குறைய 100 லிட்டர் குடிக்கும். டேங்க் நிறைந்திருந்தால் 10 மணி நேரம். நிறைந்திருக்கிறதா? கேஜ் கம்பியை விட்டுப் பாருங்கள். பாதி என்றால் தாளில் 5 என்று எழுதுங்கள். பேப்பரில் இருக்கிற எண்ணை எழுதாதீர்கள்.

இனி டீசல் கொண்டுவருபவர். பங்க்கில் பூமிக்கடியில் டீசல் நிறைய இருக்கும், ஆனால் மேலே இழுக்கும் பம்ப் கரண்டில் ஓடுகிறது. பங்க்கில் ஜெனரேட்டர் இருக்கிறதா என்று நேரில் போய்க் கேளுங்கள். பணம் எப்படி வாங்குவார்கள் என்றும் கேளுங்கள். 2016 டிசம்பர் 12-ல் வர்தா புயல் சென்னையைத் தாக்கியபோது நோட்டுத் தட்டுப்பாடு நடந்துகொண்டிருந்தது. கரண்டும் நெட்வொர்க்கும் போனதால் கார்டு மெஷினும் ஓடவில்லை, கையில் ரொக்கமும் இல்லை. அது தாக்குதல் அல்ல, புயல். ஆனாலும் நான்காவது நிறக் கோடு, அதாவது விதியும் பணமும், எப்படிக் கழுத்தை நெரிக்கும் என்று அங்கே பார்த்தோம்.

அடுத்து போன் டவர். பேட்டரி சில மணி நேரம் தாங்கும். அதன் பிறகு டவருக்கும் டீசல் வேண்டும், டீசல் லாரிக்காரரைக் கூப்பிட டவர் வேண்டும். இப்படி ஒரு வளையம் தாளில் தெரிந்தால் சிவப்புப் பேனாவால் சுற்றிவிடுங்கள். நான் பார்த்த ஆபத்துகளில் முக்கால்வாசி இப்படிப்பட்ட வளையங்கள்தான். வளையத்துக்கு வெளியிலிருந்து ஒரு கை நீண்டால் ஒழிய அது தானாக எழாது. அந்தக் கை எது என்று பக்கத்திலேயே எழுதுங்கள். காவல்துறை வயர்லெஸ்ஸா, லாரிக்காரர் வீட்டுக்குப் போகும் பைக்கா, "கரண்ட் 4 மணி நேரத்துக்கு மேல் இல்லையென்றால் யாரும் கூப்பிடாமலே வந்துவிடு" என்ற முன்கூட்டிய ஒப்பந்தமா? மூன்றாவதைத்தான் நான் எல்லா இடத்திலும் வற்புறுத்துகிறேன். செலவே இல்லாத பாதுகாப்பு அது.

பெரியதைத் தேடும் ஆய்வுகளைப் பற்றி

இந்தத் துறையில் படிக்கத் தொடங்கினால் முதலில் கண்ணில் படுவது 2000-ல் ஆல்பர்ட், ஜியோங், பராபாசி மூவரும் வெளியிட்ட கட்டுரை. சில முனைகளில் மட்டும் ஏராளமான இணைப்புகள் குவிந்திருக்கும் வலையமைப்பு தற்செயல் பழுதுகளை நன்றாகத் தாங்கும், அந்தப் பெரிய முனைகளைத் தேர்ந்தெடுத்து அடித்தால் சிதறிவிடும் என்று அது காட்டியது. 2010-ல் புல்டிரெவ், ஹேவ்லின் குழுவினர் இன்னொரு படி போனார்கள். இரண்டு வலையமைப்புகள் ஒன்றையொன்று நம்பியிருந்தால் சிறிய இழப்புகூட இரண்டுக்கும் நடுவே முன்னும் பின்னும் பாய்ந்து எல்லாவற்றையும் திடீரென்று சரித்துவிடலாம் என்றார்கள். அவர்கள் கையில் எடுத்தது 2003 இத்தாலி இருட்டடிப்பு.

அந்த இரவை ரிலேக்காரியாகப் பார்த்தால் வேறு ஒன்றும் தெரிகிறது. 2003 செப்டம்பர் 28, அதிகாலை 3.01. சுவிட்சர்லாந்தில் லுக்மேனியர் கணவாய் வழியாக வரும் லைன் மரத்தில் பட்டு டிரிப் ஆனது. அதன் லோடு பக்கத்து லைன்களில் ஏறியது. கிட்டத்தட்ட 24 நிமிடம் அவகாசம் இருந்தது. 3.25-க்கு சான் பெர்னார்டினோ லைன் சூடேறித் தொய்ந்து அதுவும் மரத்தில் பட்டது. அடுத்த சில நொடிகளில் இத்தாலி ஐரோப்பாவிலிருந்து பிரிந்தது, சில நிமிடங்களில் சார்டினியா தவிர நாடு முழுவதும் இருண்டது. மின்சாரம் வரைபடத்தில் குட்டையான வழியைப் பார்த்துப் போவதில்லை. எல்லா வழிகளிலும் பிரிந்து, எங்கே தடை குறைவோ அங்கே அதிகமாகப் போகும், அங்கே இருக்கிற ரிலே பொறுக்காவிட்டால் டிரிப் செய்யும். இணைப்புகளை எண்ணி மட்டும் மின்கட்டமைப்பின் பலவீனத்தைச் சொன்னால் தவறான இடத்தைக் காட்டிவிடக்கூடும் என்று ஹைன்ஸ் குழுவினர் 2010-லேயே எச்சரித்தார்கள். என் அனுபவமும் அதுவே. வண்ண வண்ணமான வலைப்படத்தைக் காட்டி "இந்த முனைதான் முக்கியம்" என்று யாராவது அறிக்கை கொடுத்தால், லோடு ஃப்ளோ, அதாவது எந்த லைனில் எவ்வளவு கரண்ட் ஓடும் என்ற கணக்கு, பார்த்தீர்களா என்று கேளுங்கள். பார்க்கவில்லை என்றால் அந்த அறிக்கையை வைத்துப் பணம் ஒதுக்காதீர்கள்.

தாக்குபவர் எதை எடுப்பார் என்று யோசிக்கும் இடம்

இதுவரை சொன்னதெல்லாம் புயலுக்கும் பொருந்தும். தாக்குதலுக்கு மட்டும் பொருந்துவது ஒன்று உண்டு. புயல் உங்கள் மாற்று ஏற்பாட்டைத் தேடிப் போய் அடிக்காது, மனிதர் அடிப்பார்.

2015 டிசம்பர் 23-ல் உக்ரைனில் நடந்ததை இந்தக் கண்ணோடு பாருங்கள். மூன்று விநியோகக் கம்பெனிகளின் கணினிகளுக்குள் பல மாதங்கள் முன்பே புகுந்திருந்தவர்கள், அன்று மாலை துணைமின் நிலையங்களின் பிரேக்கர்களை (லைனைத் துண்டிக்கவும் சேர்க்கவும் உள்ள பெரிய சுவிட்சுகளை) தூரத்திலிருந்து திறந்தார்கள். ஏறக்குறைய 2,25,000 இணைப்புகள் இருண்டன. என்னை உறுத்துவது அதற்குப் பிறகு நடந்தது. கட்டுப்பாட்டு அறைகளுக்கு உதவ வேண்டிய யூ.பி.எஸ். துண்டிக்கப்பட்டது. புகார் எண்ணுக்குப் போலி அழைப்புகள் வெள்ளமாக வந்ததால் மக்களால் சொல்ல முடியவில்லை, கம்பெனியால் கேட்க முடியவில்லை. துணைமின் நிலையத்தோடு பேசும் கருவிகளின் உள்மென்பொருள் அழிக்கப்பட்டதால் தூரத்திலிருந்து மறுபடி மூடவும் வழியில்லை. கரண்டை நிறுத்தியது ஒரு அடி. மீட்கும் வழிகளை அடைத்தது மற்ற எல்லா அடியும்.

அப்படியும் சில மணி நேரத்தில் கரண்ட் திரும்பியது. ஊழியர்கள் வண்டியில் ஏறிப் போய்க் கையால் பிரேக்கரை மூடினார்கள். கையால் மூடத் தெரிந்தவர்கள் இருந்தார்கள், கையால் மூடக்கூடிய பிரேக்கரும் இருந்தது. நம்மூரில் பெரும்பாலான துணைமின் நிலையங்களில் இன்றும் ஷிஃப்ட்டில் ஆள் இருக்கிறார். ஆளில்லா நிலையங்களாக மாற்றும் பேச்சு வரும்போதெல்லாம் நான் கேட்பது, ஆளைக் குறைத்தாலும் கையால் இயக்கும் பயிற்சியை ஆண்டுதோறும் விடாமல் நடத்துங்கள் என்பதை மட்டும்தான்.

ஆகவே தாளில் இரண்டாம் சுற்று போங்கள். ஒவ்வொரு சேவைக்கும் மூன்று கேள்வி. முதன்மையும் மாற்றும் ஒரே நேரத்தில் போனால்? சரிசெய்ய வருபவர் வர முடியாமல் போனால்? திரையில் தெரிகிற தகவலே பொய்யாக இருந்தால்? மூன்றாவதை யாரும் கேட்பதில்லை. குடிநீர்த் திட்டத்தில் தொட்டி நிரம்பியிருக்கிறது என்று திரை சொன்னால் ஆபரேட்டர் மோட்டாரை நிறுத்திவிடுவார். தொட்டியில் ஒரு மரப்பலகை அளவுகோல் இருந்து, ஒருவர் ஷிஃப்ட்டுக்கு ஒருமுறை ஏறிப் பார்த்தால் அந்தப் பொய் சில மணி நேரத்தில் உடையும்.

எதுவும் உடையாமலே சேவை நிற்பதும் உண்டு. 2021 மே 7-ல் அமெரிக்காவின் கொலோனியல் பைப்லைன் கம்பெனியின் அலுவலகக் கணினிகளைப் பணம் கேட்டு மிரட்டும் ஹேக்கர்கள் பூட்டினார்கள். எண்ணெய்க் குழாய்க்குச் சேதமில்லை. ஆனாலும் பயந்து கம்பெனியே குழாயை நிறுத்தியது. கிழக்குக் கடற்கரையின் எரிபொருளில் ஏறக்குறைய 45 சதவீதத்தைக் கொண்டுபோகும் குழாய், 12-ஆம் தேதிதான் மறுபடி ஓடத் தொடங்கியது. 2022 நவம்பரில் டெல்லி எய்ம்ஸில் சர்வர்கள் முடங்கியபோது கரண்ட், தண்ணீர், டாக்டர் எல்லாம் இருந்தன. பதிவு முதல் ரிப்போர்ட் வரை நாள்கணக்கில் கையால் எழுத வேண்டியிருந்தது. அதே ஆண்டு பிப்ரவரி 24-ல் வயாசாட்டின் செயற்கைக்கோள் இணையம் தாக்கப்பட்டதில் ஜெர்மனியில் 5,800 காற்றாலைகளின் தொலைக் கண்காணிப்பு அறுந்தது. காற்றாலைகள் ஓடிக்கொண்டுதான் இருந்தன, எட்டிப் பார்க்க மட்டும் வழியில்லை. உங்கள் தாளில் "வேறு யாருடைய சர்வரில், எந்த நாட்டில்" என்று ஒரு வட்டம் கட்டாயம் இருக்க வேண்டும்.

மதிப்பெண் போடுவது

"நடக்கும் வாய்ப்பு பெருக்கல் பாதிப்பு" என்று ஒரு சூத்திரம் எல்லாக் கையேட்டிலும் இருக்கும். வெள்ளத்துக்கு அது சரி. தாக்குபவர் நம் பலவீனத்தைப் பார்த்துத் திட்டத்தை மாற்றிக்கொள்கிறவர், அவருக்கு வாய்ப்பு எண் போடுவது கற்பனை. நான் இரண்டே எண் போடுகிறேன். சேவை நின்றால் உயிருக்கு ஆபத்து வர எத்தனை மணி நேரம். மீட்க எத்தனை மணி நேரம். இரண்டாவது முதலாவதைவிடப் பெரிதாக இருக்கும் வரிகளெல்லாம் சிவப்பு. வென்டிலேட்டருக்கு நிமிடங்கள். டயாலிசிஸுக்கு இரண்டு மூன்று நாள். எனவே பக்கத்து ஊர் மருத்துவமனையோடு ஒப்பந்தம் இருந்தாலே அது பச்சையாகிவிடும். பிரேக்கரை மூடச் சில நிமிடம், வெடித்த பவர் டிரான்ஸ்ஃபார்மருக்கு மாற்று வர மாதங்கள். இந்த வித்தியாசத்தை அறிக்கையில் கண்ணில் படும்படி எழுதுங்கள், நிர்வாகம் பணத்தை எங்கே போட வேண்டும் என்று அதுவே சொல்லிவிடும்.

பிறகு சோதனை. ஜெனரேட்டரை லோடு இல்லாமல் 10 நிமிடம் ஓட்டிவிட்டுப் பதிவேட்டில் கையெழுத்துப் போடுவது சோதனை ஆகாது. அறுவை சிகிச்சை இல்லாத ஞாயிற்றுக்கிழமை காலையில், மருத்துவர்கள் வார்டில் நிற்க, வென்டிலேட்டர் பேட்டரிகளைச் சரிபார்த்துவிட்டு மெயினை இறக்குங்கள். குறைந்தது இரண்டு மணி நேரம். எந்த விளக்கு அணைந்தது, எந்த லிஃப்ட் நின்றது, எந்த ஃபிரிட்ஜ் சூடேறியது என்று வார்டுக்கு ஒரு நர்ஸ் எழுதட்டும். இன்னொரு நாள் கணினிகளை மட்டும் நிறுத்துங்கள். மருந்துப் பட்டியலும் ரத்தவகைப் பட்டியலும் அச்சில் இருக்கிறதா என்று அப்போது தெரியும்.

எல்லாம் முடிந்ததும் அந்தத் தாளைப் பாருங்கள். ஊரை முடக்க நினைப்பவர் தேடுவது அதைத்தான். வாட்ஸாப்பில் படம் பிடித்து அனுப்பாதீர்கள், டெண்டரோடு இணைக்காதீர்கள், ஜெராக்ஸ் கடைக்குக் கொண்டுபோகாதீர்கள். இரண்டு பிரதி, இரண்டு பூட்டு, யார் எடுத்துப் பார்த்தார் என்று ஒரு பதிவேடு. ஊழியர்களுக்கு அவரவர் பகுதி மட்டும் போதும்.

கணினித் தாக்குதல் என்று சந்தேகம் வந்தால் 6 மணி நேரத்துக்குள் மத்திய அரசின் கணினிப் பாதுகாப்பு அமைப்பான செர்ட்-இன்னுக்குத் தெரிவிக்க வேண்டும் என்பது 2022-ல் வந்த உத்தரவு. அந்தத் தொடர்பு விவரத்தை அச்சடித்துச் சுவரில் ஒட்டுங்கள், கணினி பூட்டப்பட்ட பிறகு கணினியில் தேட முடியாது. புது ஃபீடர், புது இணையக் கம்பெனி, புது மெஷின், டீசல் கொடுப்பவர் மாறினார், இரவு ஷிஃப்ட் எலெக்ட்ரீஷியன் மாறினார் என்றால் அந்த வாரமே பென்சிலை எடுத்து அந்தக் கோட்டை அழித்து மறுபடி போட்டு, தேதியும் கையெழுத்தும் இடுங்கள்.